கரி தெரியாத தரை

இப்போதெல்லாம் எவனும் பழசைப் பிடுங்கிப் போடுவதில்லை. அதன் மேலேயே புதுசை விரித்து மூடிவிடுகிறான். கூரை ஒழுகினால் பழைய கூரை மேலேயே இன்னொன்று. சுவர் விரிசல் விட்டால் அதன் மேல் ஒரு அட்டை. கடைக்குப் போய்த் தரை போட வேண்டும் என்று கேட்டால், "இதை ஒட்டக்கூட வேண்டாம் சார், ஒண்ணோட ஒண்ணு கோத்துவிட்டாப் போதும், அதுபாட்டுக்கு மிதக்கும்" என்கிறான். மிதக்கிற தரை! இரும்பு மில்லில் ஆயுசு முழுக்க நின்றவன் நான். மிதக்கிற எதன் மேலும் நின்றதில்லை. இனிமேலும் நிற்கப் போவதில்லை.

எங்கள் வீட்டு பாத்ரூமும் அப்படி மூடிமூடி வந்ததுதான். கட்டினவன் பலகை போட்டான். அடுத்து வாங்கினவன் அதன் மேல் லினோலியம் விரிப்பை ஒட்டினான். அதற்கடுத்தவன் அந்த லினோலியத்தின் மேல் இன்னொரு லினோலியம். கடைசியில் என் மச்சினன், நான் ஷிப்டில் இருந்த நேரம் பார்த்து, எங்கேயோ இனாமாகக் கிடைத்த பச்சைக் கம்பளத்தைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போனான். பாத்ரூமில் கம்பளம். அவன் தங்கமான மனுஷன், மூளைதான் கிடையாது.

போன பனிக்காலத்தில் ஒரு காலை என் பெண்டாட்டி வெரோனா அங்கே விழுந்தாள். டாய்லெட்டுக்குப் பக்கத்தில் அடிப்பலகை ஊறி உளுத்துப்போய், கால் வைத்தால் ரொட்டி மாதிரி அமுங்கும். எலும்பு முறியவில்லை. இடுப்பு முழுக்கக் கன்றிக் கறுத்துவிட்டது. அவளுக்கு ஞாபகம் அதற்கு முன்பே கழன்றுகொண்டுதான் இருந்தது. அடுப்பில் முட்டைக்கோசையும் மாவுத் துண்டையும் வதங்கப் போட்டுவிட்டு, "நான் எதுக்கு இங்க நிக்கறேன்?" என்று என்னைக் கேட்பாள். மற்றபடி நன்றாகத்தான் இருந்தாள். என்னைத் தெரியும். என்னைத் திட்டவும் தெரியும்.

விழுந்ததைக் கேள்விப்பட்டு மகள் பாலெட் காரை எடுத்துக்கொண்டு வந்தாள். நேரே பாத்ரூமுக்குப் போனாள். கால் கட்டைவிரலால் கம்பளத்தை அழுத்திப் பார்த்தாள். தண்ணீர் கசிந்து மேலே வந்தது.

"அப்பா, அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க?"

"என் வீட்டுக்கு. ஈஸ்டர் வரைக்கும். அதுக்குள்ள இந்தத் தரையைச் சரி பண்ணு. அம்மா இதுல பத்திரமா போய்வர முடியும்னா திரும்பக் கொண்டுவந்து விடறேன். இல்லேன்னா…"

"இல்லேன்னா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கு. போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்."

"என்கிட்ட சொல்லாமயா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

அது சரிதான். விட்டிருக்க மாட்டேன்.

"க்ளென்னுக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு, அவரை வரச் சொல்றேன்" என்றாள். க்ளென் என் மருமகன். அவனுக்குத் தெரிந்த ஆள் ஒவ்வொருத்தனும் திங்கட்கிழமை வருகிறேன் என்பான், எந்தத் திங்கட்கிழமை என்று சொல்ல மாட்டான்.

"என் வீட்டுத் தரையை நானே போட்டுக்கறேன்."

பாலெட் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டைல்ஸ் துண்டை எடுத்து மேஜையில் வைத்தாள். வெண்ணெய் நிறம்.

"அம்மாவைப் பாக்கற கிளினிக்ல ஒரு பொண்ணு சொல்லுச்சு, வெளிர் நிறமாப் போடணுமாம். கருப்பு வேண்டாமாம். அம்மா மாதிரி ஆளுங்களுக்கு ஆகாதாம்."

"தரை என்ன மருந்தா, ஆகறதுக்கும் ஆகாததுக்கும்?"

"எனக்குத் தெரியலப்பா. சொன்னதைச் சொல்றேன்."

வெரோனாவைக் காரில் ஏற்றினோம். அவள் கண்ணாடியை இறக்கி, "சன்னலைச் சாத்து எமில், கரி உள்ள வந்துடும்" என்றாள். கரி கக்கின மில்லை மூடிப் பல வருஷம் ஆகிறது. சாத்துகிறேன் என்றேன். சாத்தவும் செய்தேன்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு ரீஜிஸ் ஒத்தாசைக்கு வந்தான். அவனும் மில்லில் இருந்தவன், கிரேன் ஓட்டினவன். பெண்டாட்டி மார்சி போய்ச் சேர்ந்த பிறகு என் சமையலறையில்தான் பாதிப் பொழுது. பேச்சுதான் அதிகம். ஆனால் பாரத்தில் ஒரு முனையைக் கொடுத்தால் கீழே போட மாட்டான்.

முதலில் டாய்லெட்டைக் கழற்றி வெளியே வைத்தோம். எங்கள் ஊர்ப்பக்கம் வீடுகளில் நிலவறையிலும் ஒரு டாய்லெட் உண்டு. சுற்றிச் சுவர் கிடையாது, கதவு கிடையாது, கொதிகலனுக்குப் பக்கத்தில் அதுபாட்டுக்கு நிற்கும். மில்லிலிருந்து வருகிறவன் பின்வாசல் வழியாக நிலவறைக்குள் இறங்கி, அங்கேயே குளித்துக் கரியைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் படி ஏற வேண்டும். மேலே இருப்பதெல்லாம் வெரோனாவுடைய தரை. வேலை முடியும் வரை எனக்கு அந்தக் கீழ் டாய்லெட்தான்.

ஒருநாள் அதில் உட்கார்ந்திருக்கிறேன், ரீஜிஸ் பாட்டுக்குப் பின்வாசலைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறான்.

"யோவ், தட்டிட்டு வரக்கூடாதா?"

"எதைத் தட்டறது? கதவைக் காட்டு, தட்டறேன்."

"திரும்பி நில்லுய்யா."

"உன்னைப் பாக்க டிக்கெட் வாங்கிட்டா வந்திருக்கேன்? ரம்பம் எங்க வச்சிருக்கே, அதைச் சொல்லு."

கம்பளத்தைக் கிழித்தோம். லினோலியத்தைச் சுரண்டினோம், அதன் அடியில் இருந்த லினோலியத்தையும் சுரண்டினோம். அடிப்பலகையைக் கடப்பாரையால் நெம்பினால் ஆணி கையோடு வந்தது, மரம் புகையிலைத் தூள் மாதிரி உதிர்ந்தது. அடியில் தாங்குகிற உத்திரக்கட்டை ஒன்றைக் குழாய் போகிறதற்காக எவனோ பாதிக்கு மேல் வெட்டியிருந்தான். இத்தனை காலம் அதன் மேல்தான் குளித்திருக்கிறோம். அதற்குத் தோளோடு தோளாகப் புதுக்கட்டை கொடுத்து, குறுக்கே போல்ட் போட்டு முறுக்கினேன். அதன் மேல் கனமான ப்ளைவுட். அதற்கும் மேல் சிமெண்ட் பலகை, சாணுக்குச் சாண் திருகாணி. ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நின்றது.

டைல்ஸ் வாங்க ரீஜிஸின் வண்டியில் போனோம். பாலெட் கொடுத்த துண்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கடையில் அதே வெண்ணெய் நிறம் அடுக்கி வைத்திருந்தான். நான் அதைத் தாண்டிப் போய், கிட்டத்தட்டக் கருப்பாக, ஈரம் பட்ட சிலேட்டு மாதிரி மினுமினுத்த ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"உன் மக சொன்னது அது இல்லையே" என்றான் ரீஜிஸ்.

"வெளிர் நிறத்துல கரி விழுந்தா அப்படியே தெரியும்."

"எந்தக் கரி?"

நான் பெட்டியை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தேன்.

"யோவ், உன்னைத்தான். மில்லை இடிச்சு, அந்த இடத்துல சினிமாக் கொட்டகையும் செருப்புக் கடையும் கட்டியாச்சு. எங்கேர்ந்துய்யா வரும் கரி? பாப்கார்ன்லேர்ந்தா?"

"நீ உன் வீட்டுத் தரையைக் கடைசியா எப்பக் கழுவினே? நீ எனக்குச் சொல்ல வந்துட்ட."

"என் வீட்டுத் தரை மார்சி போனதோட போச்சு" என்றான். பிறகு பெட்டியின் இன்னொரு முனையைப் பிடித்தான்.

அவனுக்குப் புரியாது. வெரோனா இந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து மண்டியிட்டுத்தான் இருந்தாள். காலையில் வாசல்படியைத் தேய்ப்பாள், மத்தியானம் பார்த்தால் மறுபடி கருப்பாக இருக்கும், மறுபடி தேய்ப்பாள். திரைச்சீலையை வாராவாரம் துவைப்பாள். முழங்காலில் தோல் காய்த்துக் குதிங்கால் மாதிரி ஆகிவிட்டது. சர்ச்சில் ஜெபத்துக்கு மண்டியிட்டால், "இங்கயாவது வாளி இல்லாம இருக்கு" என்று என் காதில் சொல்வாள். இந்த ஆற்றங்கரையில் விவரம் தெரிந்த எவனும் தரைக்குக் கருப்பைத்தான் எடுப்பான். அவள் வந்து இனி எதையும் தேய்க்க வேண்டாம். அவ்வளவுதான் என் கணக்கு. இதில் கிளினிக் பெண்ணுக்கு என்ன தெரியும்? அவள் பிறந்தபோது மில் இல்லை.

நடுவில் நூல் பிடித்துக் கோடு போட்டேன். ஒட்டுச்சாந்தைப் பல்லுக் கரண்டியால் இழுத்து, ஒவ்வொரு கல்லாக வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி உட்கார வைத்தேன். கழிவுக் குழாயைச் சுற்றி வளைத்து வெட்ட வேண்டிய கல்லில் மட்டும் இரண்டு உடைந்தது. சந்துக்கும் கருப்புப் பூச்சுதான் பூசினேன், அழுக்குத் தெரியக்கூடாது என்று. முட்டி வீங்கிவிட்டது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். கடைசியில் குழாய் வாயில் புது மெழுகு வளையம் வைத்து டாய்லெட்டை அதன் மேல் இறக்கினோம். ஆடவில்லை. ஒரு சொட்டுக் கசியவில்லை.

ரீஜிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றான். "பிஷப் வீடு மாதிரி இருக்குய்யா. இதுல ஒண்ணுக்கு இருக்கவே மனசு வராது" என்றான்.

"உன்னை யாரு இருக்கச் சொன்னா? உன் வீட்டுக்குப் போ."

ஈஸ்டருக்கு முந்தின நாள், சர்ச்சில் பாதிரியார் மந்திரித்த ஈஸ்டர் சாப்பாட்டுக் கூடையை வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தேன். பன்றித் தொடை, கொல்பாசி சாசேஜ், முட்டை, பீட்ரூட் போட்ட காரத் துவையல், முட்டை ரொட்டி. எல்லாம் சர்ச் பெண்கள் கட்டிக் கொடுத்தது. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன். தெருவில் பாலெட் காரை நிறுத்த இடம் வேண்டுமே என்று சமையலறை நாற்காலியைக் கொண்டுபோய் வீட்டு முன்னால் ரோட்டில் போட்டு வைத்தேன். எங்கள் ஊரில் நாற்காலி போட்ட இடத்தை யாரும் தொட மாட்டார்கள்.

வெரோனா காரிலிருந்து இறங்கியதும் நாற்காலியைப் பார்த்தாள். "என் நாற்காலியை ஏன் வெளிய விட்டே? தூசி படியும்" என்று அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தாள். நான் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக்கொண்டே போனாள். கரண்டி வைக்கிற டிராயரைத் திறந்து பார்த்து மூடினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"இளைச்சுட்டியே. யாரு சமைச்சா?"

"ரீஜிஸ்."

"அதான்" என்றாள்.

பாலெட் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெரோனா பாத்ரூமுக்குப் போக வேண்டும் என்றாள். நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பாலெட் பின்னால் வந்தாள். கதவை நன்றாகத் தள்ளித் திறந்தேன். வெரோனா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"விளக்கைப் போடு."

"போட்டுத்தான் இருக்கு."

ஒரு காலை நீட்டினாள். ஆற்றங்கரையில் ஆழம் பார்ப்பது போல விரல் நுனியால் துழாவினாள். கல்லைத் தொடுவதற்கு முன்பே காலை இழுத்துக்கொண்டாள்.

"தரை எங்க?"

"இதுதான் தரை. புதுசு. நான் போட்டது."

"இங்க தரை இல்ல, எமில். பள்ளமா இருக்கு."

"பள்ளம் எல்லாம் இல்ல. வா." கையைப் பிடித்து இழுத்தேன். மெதுவாகத்தான் இழுத்தேன். அவள் நிலைக்கட்டையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "தள்ளாத! என்னைத் தள்ளாத!" என்று கத்தினாள். என் மேல் அவள் அப்படி ஒரு நாளும் பயந்ததில்லை.

"விடுப்பா, கையை விடு" என்றாள் பாலெட்.

விட்டேன். நானே உள்ளே போனேன். நடுவில் நின்று குதிகாலால் ஓங்கி மிதித்தேன். "பாரு. எவ்வளவு கெட்டி பாரு."

"வெளிய வா எமில்" என்றாள். "ஓரமா நிக்காத. வெளிய வா."

என்ன செய்வது என்று தெரியவில்லை. நிற்கிறதைக் காட்டினால் நம்பவில்லை, முழுசாகப் படுத்துக் காட்டினால் நம்புவாள் என்று தோன்றியது. முட்டியை மடக்கி, குளியல் தொட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, இஸ்திரி போட்ட சட்டையோடு அந்தக் கல்லில் மல்லாக்கப் படுத்தேன். கையை விரித்தேன்.

வெரோனா அலறினாள்.

"விழுந்துட்டான்! பாலெட், உங்கப்பா உள்ள விழுந்துட்டான்! கயிறு எடு! யாரையாவது கூப்பிடு!"

"வெரோனா, நான் இங்கதான் இருக்கேன். பாரு, தரைமேலதான் இருக்கேன்." முஷ்டியால் கல்லைத் தட்டிக் காட்டினேன்.

"கீழேர்ந்து தட்றான்" என்றாள் மகளிடம். "உயிரோட இருக்கான். தட்றான் கேளு."

கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு ஷிப்டுக்கும் அவள் இந்தச் சேதிக்குப் பயந்துதான் காத்திருந்தாள். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் காத்திருந்தார்கள். வாசலில் மில் கார் நிற்கும், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் இறங்குவார்கள், 'உன் புருஷன் உலைக்குழியில…' என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு அந்தக் கார் வரவே இல்லை. நான் முழுசாக வீடு வந்து சேர்ந்தவன். இப்போது என் பாத்ரூமில் மல்லாந்து கிடக்கிறேன், அவள் எனக்காக அழுகிறாள்.

அழுதபடியே, நின்ற இடத்திலேயே அவளுக்குப் போய்விட்டது. காலுறை நனைந்து, கூடத்துப் பலகையில் தேங்கியது. அதை அவள் கவனிக்கவே இல்லை. கண் என் மேல்தான் இருந்தது.

பாலெட் அலமாரியிலிருந்து வெள்ளைத் துண்டுகளை எடுத்து என்னைத் தாண்டிக் கருப்புக் கல்லின் மேல் வரிசையாக விரித்தாள். வெரோனா உடனே அதன் மேல் கால் வைத்தாள். பாலத்தில் நடப்பது போல. இரண்டாவது துண்டு வழுக்கி நழுவ, தொட்டியில் மோதாமல் பாலெட் தாங்கிப் பிடித்தாள். அவ்வளவுதான். அப்படியே வெளியே கூட்டிப் போய்ச் சமையலறையில் வைத்துத் துடைத்து வேறு துணி மாற்றினாள். நான் தொட்டியைப் பிடித்து எழுந்திருக்க நேரம் பிடித்தது.

வெரோனா மேஜையில் உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததும் என் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தாள். முதுகைத் தடவினாள்.

"எப்ப ஏறி வந்தே?"

"இப்பத்தான்."

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"சாப்பிடு" என்றாள். முட்டை ரொட்டியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள்.

வெரோனா சாப்பிட்டு முடிக்கும் வரை பாலெட் காத்திருந்தாள். பிறகு கோட்டை எடுத்து அம்மாவுக்கு மாட்ட ஆரம்பித்தாள்.

"பிடுங்கிப் போட்டுடறேன்" என்றேன். "எல்லாத்தையும் எடுத்துட்டு நீ சொன்ன நிறத்தையே போடறேன். கொஞ்ச நாள் குடு."

"உன்னால கீழேர்ந்து எழுந்திருக்க முடியலப்பா. நான் பாத்தேன்."

"ரீஜிஸ் இருக்கான்."

"ராத்திரி அம்மா எழுந்து தானா நடந்தா ரீஜிஸா வருவாரு?" குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். "தரை மட்டும் இல்லப்பா. நீயும்தான் தரையில கெடந்தே."

காரில் ஏறும்போது வெரோனா என்னையும் ஏறச் சொன்னாள். நீ போ, நான் கதவைப் பூட்டிட்டு வரேன் என்றேன். சரி, சன்னலையும் சாத்து என்றாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இல்லத்தில்தான் இப்போது இருக்கிறாள். என் தரை அப்படியேதான் இருக்கிறது. அதைப் பிடுங்கவில்லை. ஒரு கல்லில் கீறல் விழவில்லை, ஒரு சந்து விட்டுக்கொடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாலெட்டோடு போனேன். கிளினிக்கில் இருந்த அந்தப் பெண்ணே இல்லத்துக்கும் வருகிறாளாம், கூடத்தில் எதிர்ப்பட்டாள். கழுத்தில் அட்டை தொங்கியது. நான் கேட்காமலே விளக்கினாள். இந்த மறதி நோயில் கண் நன்றாகத்தான் இருக்கும், கண் பார்த்ததை மூளை தப்பாகப் புரிந்துகொள்ளும், கருப்பாக இருந்தால் பள்ளம் என்று நினைப்பார்கள், மினுமினுத்தால் தண்ணீர் என்று நினைப்பார்கள் என்றாள்.

"எனக்குக் கருப்பாத்தான் தெரிஞ்சுது. பள்ளமாத் தெரியல" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது சார். அவங்களுக்குத்தான்."

"அவளோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினது நீங்களா, நானா?"

பாலெட் என் முழங்கையைப் பிடித்தாள். அந்த நேரம் வெரோனா அறையிலிருந்து வெளியே வந்தாள், ஒரு தாதிப் பெண் பக்கத்தில் வந்தாள். கையைக்கூடப் பிடிக்கவில்லை. வெளிர் மஞ்சள் ரப்பர் தரை. கூடத்தைக் குறுக்கே கடந்து, நேரே பாத்ரூமுக்குள் போனாள். வாசலில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. உள்ளே போகும் முன் திரும்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"பாத்தியாப்பா?" என்றாள் பாலெட்.

பார்த்தேன். பார்க்காமல் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் அவ்வளவு தூரம் காரில் வந்த களைப்பில் இருந்தாள். என் பாத்ரூம் சன்னல் வடக்குப் பார்த்தது, அந்த நேரத்தில் அங்கே வெளிச்சம் விழாது. எவளுக்கும் புதுத் தரை பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். பழகவிட்டார்களா? ஒரு பகல்கூட விடவில்லை. ஒரு பகலில் என்ன தெரிந்துவிடும்?

"வெளிச்சம் பத்தல. அதான்" என்றேன்.

பாலெட் ஏதோ சொல்ல வந்தாள். நான் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன்.